விளக்கை அணைத்தவள்: மனம் இரண்டாக இழுபடும் கேரக்டரை உருவாக்குவது எப்படி

கரைமடிக்குக் கயிறு இரண்டு. கடலில் வளைத்துப் போட்ட மடியின் இரு முனைகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் ஆள் குறைந்தால் மடி கோணும், மீன் வெளியே போய்விடும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை வீசிக் கதை நடத்தும் ரோல்பிளே ஆட்டத்திலும் அப்படித்தான். மனசாட்சி உறுத்தும் கேரக்டர் (தான் ஏற்று ஆடும் பாத்திரம்) வேண்டும் என்று மேசைக்கு வருகிறவர்களில் பலர் ஒற்றைக் கயிற்றோடுதான் வருகிறார்கள். “இவனுடைய கடந்த காலம் இருண்டது, யாரையும் நம்ப மாட்டான்” என்பதோடு பின்கதை முடிந்துவிடும். நான்காவது செஷனில் (ஒரு முறை கூடி ஆடுவது ஒரு செஷன்) அந்தக் கேரக்டர் சத்திரத்து மூலையில் கத்தி தீட்டிக்கொண்டிருக்கும், கதையை மற்றவர்கள் நடத்திக்கொண்டிருப்பார்கள். இருட்டு வெறும் நிறம். அது யாரையும் எந்தப் பக்கமும் இழுப்பதில்லை.

கேரக்டர் மனதார மதிக்கிற இரண்டு விஷயங்கள் வேண்டும். அவை இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ள வழி வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஒரு விலை இருக்க வேண்டும். இதையெல்லாம் எழுத ஒன்றரைப் பக்கம் போதும். நான்கு பக்கத்துக்குப் பின்கதை எழுதினால் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) முதல் பத்தியைத்தான் படிப்பார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

கீழே வரும் கணக்குகள் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை ஒட்டியவை. அதன் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியானது. புத்தகம் வாங்காமலே தொடங்கிவிடலாம்.

அலைன்மென்ட் கட்டத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

கேரக்டரின் அறநிலையைக் குறிப்பதுதான் அலைன்மென்ட். 1974இல் வந்த முதல் ஆட்டத்தில் மூன்றே நிலைகள்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். நன்மை, தீமையும் சேர்ந்து இன்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்பது கட்டம் 1978 விதிநூலில் வந்தது. பழைய பதிப்புகளில் பாலடின் (சபதம் ஏற்ற புனித வீரன்) தீய செயல் செய்தால் சக்தியை இழப்பான். “இது தீயதா இல்லையா” என்று டிஎம்மும் பிளேயரும் அரை மணி நேரம் வழக்காடுவார்கள், ஆட்டம் அதோடு கெட்டது. ஐந்தாம் பதிப்பில் அந்தக் கட்டத்துக்கு விதிகளில் பெரிய வேலை கிடையாது. மூன்று செஷன் ஆடிய பிறகு, கேரக்டர் என்ன செய்தது என்பதைப் பார்த்து நிரப்பினால் போதும். முதலிலேயே “நடுநிலை” என்று எழுதிவிட்டு அதற்குத் தக்கபடி நடக்கப் பார்ப்பது, ஜாதகம் பார்த்துவிட்டுப் பிள்ளையை வளர்ப்பது மாதிரி.

மாதிரிக்கு வெகுதூரம் போக வேண்டாம்

குமரி மாவட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு இந்த விஷயத்தில் சரக்குப் பஞ்சமே கிடையாது. 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து பிடிபட்டவர் டிலனாய். தன்னைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருவிதாங்கூருக்கு உழைத்து, 1777இல் இறந்தார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, கல்லில் லத்தீனும் தமிழும். இவரிடமிருந்து கேரக்டருக்கு எடுக்க வேண்டியது ஒரு கேள்விதான்: பழைய கொடி கட்டிய கப்பல் மறுபடியும் துறைக்கு வந்தால், உன் பீரங்கி எந்தப் பக்கம் திரும்பும்?

அதே மார்த்தாண்ட வர்மா குளச்சல் வெற்றித்தூணுக்கு அருகில் நாயகன். அரியணைக்கு அவரோடு போட்டியிட்ட தம்பிமார் பக்கம் நின்று பாடும் வில்லுப்பாட்டில் அப்படி இல்லை. இதிலிருந்து ஒரு பயிற்சி எடுக்கலாம். உங்கள் கேரக்டர் செய்த முக்கியமான காரியத்தை ஐந்து வரியில் அவளுக்கு வேண்டியவர் சொல்வதாக எழுதுங்கள். பிறகு அதே காரியத்தை, அதனால் அழிந்தவரின் உறவினர் சொல்வதாக ஐந்து வரி. இரண்டாவது வர மறுத்தால் அந்தக் காரியத்தில் பாதிக்கப்பட்டவர் என்று யாரும் இல்லை, வேறு காரியம் தேட வேண்டும்.

நம்பியவனால் கொல்லப்பட்டு, பேயாக வந்து பழிவாங்கிய கள்ளியங்காட்டு நீலியின் கதை இன்னொரு வகை. அவளுக்கு நடந்தது அநியாயம், கோபத்துக்கு நியாயம் உண்டு. அந்தக் கோபம் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆனால் இசக்கியாக இன்றும் கும்பிடப்படுகிற தெய்வம் அவள். பெயரையும் வழிபாட்டையும் அப்படியே எடுத்து ஆட்டத்தில் போட வேண்டாம், கதையின் எலும்புக்கூட்டை மட்டும் எடுங்கள். இதே காரணத்தால் ஊரில் உள்ள சாதியையோ மதத்தையோ, அடையாளம் தெரிகிற தெருவையோ எல்ஃப், ஓர்க் என்று ஆட்டத்தின் கற்பனை இனங்களாகப் பெயர் மாற்றி வைக்காதீர்கள். மேசையில் ஐந்து பேர் இருந்தால் அதில் ஒருவருக்கு அது விளையாட்டாக இருக்காது.

இனி ஒரு கேரக்டரைக் கடைசிவரை செய்து பார்ப்போம். பெயர் தங்கம்மை. உப்புத்துறை என்ற கற்பனைக் கரையில் கல்மாடத்து விளக்கைக் காப்பவள். விளக்குக்குப் புன்னைக்காய் எண்ணெய்.

சொன்ன சொல்

ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். ஒரு செயலால் அதை முறிக்க முடிய வேண்டும், முறித்தால் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். “நல்லவளாக இருப்பேன்” உதவாது. அதை எப்போது முறித்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது. “அப்பாவிகளைக் காப்பேன்” அதைவிட மோசம், யார் அப்பாவி என்பதை ஒவ்வொரு முறையும் அவளே முடிவு செய்துகொள்வாள்.

தங்கம்மையின் சொல்: “இந்த விளக்கு யார் வருகிறார் என்று பார்த்து எரியாது.” நண்பனோ பகைவனோ, கடலில் இருப்பவனுக்குக் கரை தெரிய வேண்டும். யாரிடம் சொன்னாள், எப்போது சொன்னாள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். அவளுக்கு முன் விளக்கைக் காத்த கிழவியிடம், அவள் சாகும் ராத்திரியில். சாட்சி இல்லாத சத்தியத்துக்கு மேசையில் கனம் வருவதில்லை. செத்தவர் சாட்சியாக இருந்தால் இன்னும் நல்லது, விடுதலை கேட்க ஆள் கிடையாது.

இரண்டாவது கயிறு

இது கொள்கையாக இருக்கக் கூடாது, ஆளாக இருக்க வேண்டும். பெயர் வேண்டும், குழு நடந்து ஒரு நாளில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும். “தொலைதூரத்தில் கைவிட்டு வந்த குடும்பம்” என்று எழுதினால் டிஎம் அதைத் தொடவே மாட்டார். தங்கம்மைக்கு அது மாடத்தின் கீழே உள்ள மீனவக் குடியிருப்பு. குறிப்பாக, தாயில்லாத அவளுக்குச் சோறு போட்டு வளர்த்த அண்ணி.

முறித்த ராத்திரி, அதன் எண்ணிக்கைகள்

அதிகம் பிழை நேர்கிற இடம் இதுதான், நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கொள்ளைக்காரக் கப்பல் ஒன்று இரவில் துறையைத் தேடி வந்தது. தங்கம்மை விளக்கை அணைத்தாள். கப்பல் பாறையில் மோதி உடைந்தது. இவ்வளவுதான் என்றால் இதில் உறுத்தல் இல்லை, வீரச்செயல். மேசையில் யாரைக் கேட்டாலும் “நானும் அணைத்திருப்பேன்” என்பார்கள்.

அடித்தளத்தில் துடுப்போடு சங்கிலியில் கட்டப்பட்ட அடிமைகள் 40 பேர் இருந்தார்கள் என்று சேர்ப்போம். இப்போது கரையில் 300 பேர், கப்பலில் 40 பேர். இதுவும் கணக்கு வாத்தியார் தீர்த்துவைக்கிற கேள்வி, எல்லோரும் 300 பக்கம் போவார்கள். கரையைக் குறையுங்கள். 15 குடில், 60 பேர். அதோடு ஒரு சந்தேகத்தையும் வையுங்கள்: அந்தக் கொள்ளைக்காரர்கள் சில துறைகளைக் கொளுத்தினார்கள், சில துறைகளில் தண்ணீர் மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள். இப்போது 60 பேருக்கு வரக்கூடிய ஆபத்து ஒரு பக்கம், 40 பேருக்கு நிச்சயமான சாவு மறு பக்கம். கேள்வி நிற்கிறது.

சரிபார்க்க ஒரு சோதனை உண்டு. நிலைமையை ஐந்து வரியில் துண்டுக் காகிதத்தில் எழுதி, குழுவில் உள்ள நான்கு பேரிடம் தனித்தனியாகக் காட்டி, அணைப்பாயா மாட்டாயா என்று மட்டும் கேளுங்கள். நான்குக்கு நான்கு ஒரே பதில் என்றால் எண்களை மாற்றுங்கள். மூன்றுக்கு ஒன்று பரவாயில்லை. இரண்டுக்கு இரண்டு வந்து, சாயா ஆறும்வரை அவர்களே சண்டை போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது.

இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வருகிற ஆசை ஒன்று உண்டு. அந்த 40 பேரில் அவளுடைய சொந்தத் தம்பியையும் வைத்துவிடலாமே! வைக்காதீர்கள். வைத்த நிமிடமே அது அவளுக்கு நேர்ந்த துயரம் ஆகிவிடும், பார்ப்பவர் அவளுக்காக அழுவார். விலையை வேறு யாரோ கொடுத்திருக்க வேண்டும், அப்போதுதான் அது அவள் மேல் கடனாக நிற்கும்.

தெரிந்தவர் யார்?

மூன்று பேர் போதும், மூன்றும் வேறு வேறு வகை. தெரிந்தும் மன்னித்தவர் ஒருவர், தெரிந்துகொண்டு அதைப் பயன்படுத்துகிறவர் ஒருவர், தெரியாமல் அதன் விலையைச் சுமக்கிறவர் ஒருவர். இங்கே மன்னித்தவர் அண்ணி, அன்று ராத்திரி மாடத்தில் வெளிச்சம் போனதைப் பார்த்தவள். பயன்படுத்துகிறவர் ஊர்த்தலைவர். “கடலம்மை விளக்கை ஊதி அணைத்தாள்” என்று கதை கட்டி, ஆண்டுதோறும் அந்த ராத்திரியைத் திருவிழாவாக்கி, முதல் விளக்கை ஏற்றத் தங்கம்மையையே கூப்பிடுகிறார். தெரியாதவர், கப்பலிலிருந்து தப்பிய ஒரே அடிமை. விளக்கு ஏன் அணைந்தது என்று கரை கரையாகக் கேட்டுக்கொண்டு திரிகிறார்.

டிஎம்முக்கு இது மூன்று தயார் நிலைப் பாத்திரம். அவர் உங்களுக்குச் சாயா வாங்கித் தருவார்.

சாக்கும், சாக்குக்கு அடியில் இருப்பதும்

தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் பாதி உண்மையாக இருக்க வேண்டும்: “அணைக்காவிட்டால் ஊர் எரிந்திருக்கும்.” முழுப் பொய் என்றால் அவள் வெறும் கள்ளி, முழு உண்மை என்றால் உறுத்த எதுவும் இல்லை. அதற்குக் கீழே, ஷீட்டின் (கேரக்டரின் விவரங்கள் எழுதும் தாள்) பின்பக்கம், டிஎம்முக்கு மட்டும் தெரிய ஒரு வரி: சங்கிலிச் சத்தம் அவளுக்குக் கேட்டது, கேட்ட பிறகுதான் அணைத்தாள்.

இந்த ஒரு வரிதான் கேரக்டரின் உயிர். இதை எழுதாமல் விட்டால் “பாவம், தெரியாமல் செய்தாள்” என்று மூன்றாவது செஷனிலேயே எல்லோரும் ஆறுதல் சொல்லி முடித்துவிடுவார்கள்.

விதிகளுக்குள் இறக்குவது

வகுப்பு (கேரக்டரின் தொழில்) கிளெரிக், அதாவது தெய்வ சக்தியால் மந்திரம் செய்பவள். அதில் ஒளிப் பிரிவு. லைட் மந்திரம் அந்தப் பிரிவோடு இலவசமாக வருகிறது. தொட்ட பொருள் ஒரு மணி நேரம் எரியும், 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கு அப்பால் 20 அடிக்கு மங்கல். இதில் நமக்கு வேண்டியது விதியின் இந்த வரி: அவள் ஒரு ஆக்‌ஷன் செலவழித்து வெளிச்சத்தை அணைக்கலாம். குகைக்குள் காவலாளி வரும் சத்தம் கேட்கும், “விளக்க அணைங்க” என்று குழுவில் உள்ள ரோக் (ஒளிந்து திருடுவதில் தேர்ந்தவன்) கிசுகிசுப்பான். மற்றவர்களுக்கு அது சாதாரண உத்தி. தங்கம்மையை ஆடுகிறவர் அங்கே ஒரு நொடி நிறுத்தினாலே போதும், வசனம் தேவையில்லை.

இலவசத் தொகுப்பில் ஒளிப் பிரிவு கிடையாது, உயிர்ப் பிரிவு மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு, முதல் லெவலில் கிடைக்கும் மூன்று கேன்ட்ரிப்புகளில் (எத்தனை முறையும் பயன்படுத்தும் சின்ன மந்திரங்கள்) ஒன்றாக லைட்டைத் தேர்ந்தால் காரியம் நடந்துவிடும்.

திறன் எண்களுக்கு நிலையான தொகுப்பு 15, 14, 13, 12, 10, 8. ஞானம் 15, உடல் உறுதி 14, வலிமை 13, வசீகரம் 12, சுறுசுறுப்பு 10, அறிவு 8. மனித இனம் என்றால் எல்லாவற்றிலும் ஒன்று கூடும். உயிர்ப்புள்ளி (தாங்கக்கூடிய அடி) கிளெரிக்குக்கு 8, உடல் உறுதிக்கு 2, ஆக 10. பின்னணி மாலுமி. கிளெரிக் பட்டியலிலும் மாலுமிப் பின்னணியிலும் ஏமாற்றும் திறன் இல்லை என்பதைக் கவனியுங்கள். வசீகரம் 13க்குக் கூடுதல் 1 மட்டுமே. நடுத்தரச் சவால் 15 என்றால் டி20இல் (இருபது முகப் பகடை) 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், நூற்றுக்கு 35 வாய்ப்பு. அதாவது ரகசியம் வைத்திருப்பவளுக்குப் பொய் சொல்ல வராது. சிலர் இதைச் சரிசெய்கிறேன் என்று ஏமாற்றும் திறனைப் பின்னணியில் சேர்ப்பார்கள். அப்போது ரகசியம் பத்து செஷன் பத்திரமாக இருக்கும், யாருக்கும் பயனில்லாமல்.

பாலடினாக ஆட நினைப்பவர், சபதம் மூன்றாம் லெவலில்தான் விதிப்படி வரும் என்பதை மறக்க வேண்டாம். சொன்ன சொல்லை முதல் செஷனிலிருந்தே ஆடுங்கள். பிசாசு போன்ற சக்தியிடம் மந்திரம் பெறும் வார்லாக்குக்கு ஒப்பந்தம் முதல் லெவலிலேயே உண்டு, ஆனால் “பிசாசு சொல்லிற்று, செய்தேன்” என்று தப்பிக்க வழி வைக்கும் வகுப்பு அது. முதல் முறை என்றால் தவிர்ப்பது நல்லது.

கோடு

மூன்று பட்டியல், ஒவ்வொன்றிலும் ஓரிரு வரி. யோசிக்காமல் செய்வது: தண்ணீரில் விழுந்தவனைத் தூக்குவாள், யாராக இருந்தாலும். விலை தெரிந்து செய்வது: பொய் சொல்வாள், திருடுவாள். செய்யவே மாட்டாதது: கட்டிப்போட்டவனைக் கொல்ல மாட்டாள், இருட்டில் யாரையும் தனியே விட்டுவர மாட்டாள். மூன்றாவது பட்டியல் காலியாக இருந்தால் அது இழுபடும் மனசு இல்லை, எதையும் செய்யத் துணிந்த ஆள்.

சிரட்டையும் மஞ்சாடிக்குருவும்

விலையை எண்ணால் காட்டினால் ஷீட்டுக்குள் புதைந்துபோகும். மேசை நடுவில் இரண்டு சிரட்டை வையுங்கள். ஒன்று சொல்லுக்கு, ஒன்று ஊருக்கு. பிளேயர் கையில் ஆறு மஞ்சாடிக்குரு (மஞ்சாடி மரத்தின் சிவப்பு விதை). இரண்டும் மோதும் இடத்தில் தங்கம்மை எதைத் தேர்கிறாளோ அந்தச் சிரட்டையில் ஒரு குரு விழும். நிபந்தனை ஒன்றே: தேர்வுக்கு யாராவது விலை கொடுத்திருக்க வேண்டும். சும்மா கிடைத்த வெற்றிக்குக் குரு கிடையாது.

ஒரு சிரட்டையில் மூன்று சேர்ந்ததும் அடுத்த செஷனுக்குள் மறுபக்கத்தில் நட்டப்பட்ட ஒருவரை டிஎம் நேரில் கொண்டுவர வேண்டும். ஆறும் தீர்ந்ததும் (வழக்கமாக ஆறு முதல் எட்டு செஷன் ஆகும்) ஷீட்டில் ஒரு வாக்கியத்தை மாற்றியே ஆக வேண்டும். சொல்லை மாற்றலாம், சாக்கை மாற்றலாம், கோட்டை நகர்த்தலாம். எதையும் மாற்ற மாட்டேன் என்றால் அந்தக் கேரக்டர் அசையவில்லை என்று அர்த்தம்.

சில பிளேயர்கள் இரண்டு சிரட்டையையும் சமமாக வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள், பாங்குக் கணக்கு மாதிரி. சமநிலைக்கு எந்தப் பரிசும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தனக்கு நட்டம் என்று தெரிந்தே மனசாட்சிக்காக நடந்தால் டிஎம் இன்ஸ்பிரேஷன் கொடுக்கட்டும். 2014 விதியில் அது ஒரு வீச்சுக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை வீசிப் பெரியதை எடுப்பது), 2024 விதியில் ஒரு பகடையை மறுபடி வீசலாம். ஒன்றுக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால் சீக்கிரம் செலவழியும், அது நல்லதே. ஃபேட் என்ற வேறு ரோல்பிளே ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சிரட்டை ஏற்பாடே தேவையில்லை. சிக்கலை ஏற்றால் ஒரு புள்ளி வரும், மறுத்தால் ஒரு புள்ளி போகும், அந்த இயந்திரம் உள்ளேயே இருக்கிறது.

முதல் பகடைக்கு முன்

செஷன் ஜீரோவில் (ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் நாள்) இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஆட்டத்தில் வரவே கூடாதவை ஒன்று, நடந்ததாக வைத்துக்கொண்டு விவரிக்காமல் திரை போட்டுக் கடக்க வேண்டியவை இன்னொன்று. தங்கம்மையின் கதையில் கடலில் மூழ்கிச் சாவது இருக்கிறது. குமரிக் கரையில் ஆடும் மேசையில் கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் உறவினர் இருக்கக்கூடும். முதலில் கேட்டுவிடுங்கள். தயக்கம் தெரிந்தால் கப்பலை மலைப்பாதை வண்டியாகவும், விளக்கை கணவாய்த் தீவட்டியாகவும் மாற்றுங்கள், கட்டுமானம் கெடாது. ஆரல்வாய்மொழிக் காற்று வீசுகிற மாதிரி ஒரு கணவாயில் தீவட்டி அணைந்ததாகச் சொன்னால் யாரும் சந்தேகப்படக்கூட மாட்டார்கள், ரகசியத்துக்கு அது இன்னும் வசதி. ஆட்டத்தின் நடுவில் தொட்டால் காட்சியை நிறுத்தும் எக்ஸ் அட்டை ஒன்றையும் மேசையில் வையுங்கள், காரணம் கேட்கக் கூடாது.

குழுவில் இரண்டு பேரோடாவது உறவு எழுதிவிட்டு வாருங்கள். ஒருவருக்கு அவள் கடன்பட்டிருக்கட்டும், இன்னொருவர் அவளிடம் எதையாவது நம்பி ஒப்படைத்திருக்கட்டும். தனியாள் கேரக்டருக்குத் தனி ஆட்டம்தான் நடக்கும்.

டிஎம் பக்கம்

இழுபறிக் காட்சியில் இரு பக்க விலையும் தேர்வுக்கு முன்பே தெரிய வேண்டும். தேர்ந்த பிறகு “ஆனால் உனக்குத் தெரியாதது என்னவென்றால்” என்று வெளியே எடுப்பது மோசடி. பெரிய மோதல் மூன்று நான்கு செஷனுக்கு ஒன்று போதும், சின்னது செஷனுக்கு ஒன்று. நேரக்கெடு இருக்கட்டும், கடல் ஏறுவதற்குள், மணி அடிப்பதற்குள். ஒரு மாதிரி, டிஎம் தொடங்குகிறார், தங்கம்மையை ஆடுகிறவர் பதில் சொல்கிறார்:

“மாடத்துல ஏறிட்ட. கீழ வள்ளம் ஒண்ணு தத்தளிக்குது. விளக்கு கொளுத்துதியா?”

“எத்தன பேரு இருக்காவ?”

“பன்னெண்டு பேரு. ரெண்டு பேருக்கு மேலெல்லாம் கொப்புளம்.”

“அண்ணிக்க வீட்ல சின்னப் பிள்ளைய உண்டும்லா...”

“உண்டும். கடல் ஏறுது. சொல்லு.”

இங்கே டிஎம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்ற பிளேயர்கள் ஆலோசனை சொல்லலாம், ஆனால் இரண்டு நிமிடம்தான். அதற்குள் முடிவு வராவிட்டால் கடல் முடிவு செய்யும். இந்த எல்லை இல்லாவிட்டால் ஒருவருடைய மனப் போராட்டத்துக்கு மற்ற நால்வரும் காவல் காத்துக்கொண்டு, ஏத்தங்காய் சிப்ஸ் தீர்ந்ததும் போனை எடுத்துவிடுவார்கள். (சிப்ஸ் கையோடு ஷீட்டைத் தொடவிடாதீர்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பென்சில் எழுதாது.)

மூன்றாவது வழியைப் பிளேயர் கண்டுபிடித்தால் தடுக்க வேண்டாம், விலை மட்டும் கேளுங்கள். நோயாளிகளைப் பாறைத்திட்டில் இறக்கி அங்கே விளக்கு வைக்கலாம் என்கிறாளா? நல்லது. அங்கே தண்ணீர் இல்லை. தினமும் யார் சுமப்பது?

இன்னொரு காட்சிக்குச் சுசீந்திரம் கோயிலின் கைமுக்கு வழக்கம் அருமையான அச்சு. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கிற நெய்யில் கையை விட்டுத் தன்னை நிரூபிக்க வேண்டும். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் நிறுத்தப்பட்டது அது. இந்திரனே அங்கே பாவம் தீர்ந்து சுத்தமானான் என்பது தலபுராணம். தங்கம்மை மேல் அவள் செய்யாத ஒரு திருட்டுப் பழி விழட்டும். நெய்ச்சட்டி முன்னால் நிறுத்துங்கள். இந்தக் குற்றத்தில் அவள் நிரபராதி, ஆனால் நெய்க்கு அது மட்டும்தான் தெரியுமா என்று அவளுக்குச் சந்தேகம். காயம் 1டி6 (ஆறு முகப் பகடை ஒன்று) போதும். 10 உயிர்ப்புள்ளிக்காரியை அது கொல்லாது, பகடை கையிலிருந்து விழும்வரை மேசை பேசாது.

கெட்டுப்போகும் விதங்கள்

“என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்” என்று சொல்லிக் குழுவின் பையில் திருடுவது. அப்படிச் செய்கிற கேரக்டரை எழுதியவர் நீங்கள்தான், ஷீட்டை மாற்றுங்கள். உறுத்தல் குழுவுக்கு வெளியே உள்ளவர்கள் மேல் இருந்தால் இந்தச் சண்டையே வராது.

கொலை செய்துவிட்டு அழுவது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கண்ணீர் விட்டு, அடுத்த சண்டையில் அதையே செய்தால் இரண்டாவது முறையே சிரிப்பு வந்துவிடும். அழுகைக்குப் பதில் நடத்தையில் ஒரு சின்ன மாற்றம் காட்டுங்கள்: இனி இருட்டில் அவள் முதலில் தாக்க மாட்டாள்.

ரகசியத்தைக் கடைசிவரை வைத்திருப்பது. ஆட்கள் வேலை மாறுவார்கள், பரீட்சை வரும், இரண்டு மழையும் கொட்டுகிற மாவட்டத்தில் கரண்டும் போகும். பல குழுக்கள் பத்தாவது செஷனைப் பார்ப்பதில்லை. முதல் பாதியை (அணைத்தது நான்) மூன்றாவது செஷனுக்குள் குழுவில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். சங்கிலிச் சத்தம் பிறகு வரட்டும்.

டிஎம் எந்த வழி போனாலும் தண்டிப்பது. சொல்லைக் காத்தால் ஊர் அழிகிறது, ஊரைக் காத்தால் சக்தி போகிறது. இப்படி நான்கு முறை அடி வாங்கிய பிளேயர் ஆமை மாதிரி ஓட்டுக்குள் போய், எந்தத் தேர்வும் செய்யாத கேரக்டராக ஆடத் தொடங்குவார். விலை கேட்டால் கிடைத்ததையும் காட்ட வேண்டும். கரை சேர்ந்த பன்னிரண்டு பேரில் ஒரு பிள்ளை அடுத்த செஷனில் மாடத்துக்கு எண்ணெய் சுமந்து வரட்டும்.

கடைசியாக, மன்னிப்பைச் சீக்கிரம் கொடுத்துவிடுவது. கோயிலில் ஒரு பூசாரி, கனவில் ஒரு தெய்வம், “உன் பாவம் தீர்ந்தது” என்று ஒரு வசனம், அதோடு கேரக்டர் செத்தது. தங்கம்மையை மன்னிக்கும் உரிமை அந்தக் கப்பலில் தப்பியவருக்கு மட்டுமே உண்டு. அவள் அவரிடம் எல்லாவற்றையும், சங்கிலிச் சத்தத்தையும் சேர்த்து, சொல்கிற காட்சி வரும்போது பெர்சுவேஷன் (இணங்கவைக்கும் திறன்) வீச்சு கேட்காதீர்கள். 20 விழுந்ததற்காக 40 பேரை மறக்க யாராலும் முடியாது. பகடையைத் தள்ளி வையுங்கள். அவர் என்ன பதில் சொல்வார் என்று டிஎம் முன்கூட்டியே முடிவு செய்யவும் கூடாது. அதுவரை சிரட்டைகளில் விழுந்த குருவைப் பார்த்து, அங்கேயே, அவர் வாயால் பேசட்டும்.